அப்பா தரையில் உட்கார்ந்த அன்று

"உங்க அப்பனுக்கு நெசமாவே முட்டியில நோவா பாப்பா, இல்ல எங்க கூடக் கீழ உக்கார மனசில்லையா?"

சிறுவாச்சூர்க் கோயிலில் சித்தி மகனுக்குக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, சாம்பார் வாளியோடு என் எதிரில் குனிந்து நின்று இப்படிக் கேட்டார். சொந்தபந்தம் எல்லாம் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் பந்தலின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தார். மடியில் தாம்பாளம், அதன் மேல் இலை, வலது கால் நீட்டியபடி.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா கேலி பேசுவதற்காகவே பரிமாற வருகிறவர். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பட்டாளத்தில் மலையில் ரோடு போடும்போது பாறை உருண்டு விழுந்தது, அதற்கு டாக்டர் எழுதிய காகிதம் இருக்கிறது என்றேன்.

"காயிதம் இருக்குதுன்னா பென்சன் எங்க?" என்றார் மாமா. அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடே வந்துவிட்டது.

அப்பா ஒன்பது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷனுக்குப் பதினைந்து வருடம் வேண்டும். முட்டி போனதால் இடையிலேயே அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்படுகிறவர்களுக்கு ஊனத்துக்கான பென்ஷன் என்று ஒன்று உண்டு. ஆனால் ஊனம் இருபது சதவீதமாவது இருக்க வேண்டும். அப்பாவின் காகிதத்தில் அதற்குக் குறைவாகப் போட்டிருந்தார்கள். அதை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. அவருக்குத் தன் பெயரை இங்கிலீஷில் எழுதத் தெரியும். பட்டாளத்தில் கற்றது. தமிழில் அதுவும் தெரியாது. கொடுத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதங்களைக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தைப் படித்த முதல் ஆள் நான்தான்.

அந்த டிரங்குப் பெட்டிதான் அவருக்கு நாற்காலி. அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், சவரம் செய்துகொள்வார், எங்களைத் திட்டுவார். தரையில் உட்கார முடியாத ஒரு ஆளுக்கு எங்கள் ஊரில் என்னென்ன முடியாது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காட்டுப் பக்கம் ஒதுங்க முடியாது. அம்மா தான் வேலை செய்யும் கல்குவாரியிலிருந்து இரண்டு பட்டைக் கற்களை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் போட்டு, தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டிக் கொடுத்தாள். எங்கள் தாத்தா இறந்தபோது கருமாதிக்கு மூத்த மகன் உட்கார வேண்டும். அப்பா நின்றார். சித்தப்பாதான் உட்கார்ந்து எல்லாம் செய்தார். சொந்தத் தகப்பனுக்குக்கூட முழங்காலை மடக்காதவன் என்று பங்காளிகள் பேசினார்கள். அப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

தாத்தா பண்ணையாளாக இருந்தவர். பண்ணை வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வாழ்ந்தவர். அவர் மகன் பட்டாளம் போய்விட்டு வந்து எங்கே போனாலும் நாற்காலி கேட்கிறான் என்று மேலத்தெருவிலும் பேச்சு, எங்கள் தெருவிலும் பேச்சு. அப்பா அதை மறுத்ததே இல்லை. நொண்டி என்ற பெயரைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் அவருக்குச் சம்மதமாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமையை வைத்து மனு எழுத முடியாது.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அம்மா ஜல்லி உடைத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில், தரையில், கால்களுக்கு நடுவில் கல்லை வைத்துக்கொண்டு. பென்ஷன் வந்தால் அம்மாவைக் குவாரியிலிருந்து நிறுத்திவிடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சில நாள் அம்மா எழுந்து நிற்கும்போது அவள் முட்டியிலிருந்து வரும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். அவள் முட்டியைச் சோதிக்க எந்த ஊரிலும் டாக்டர் போர்டு கிடையாது.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். ஹையர் பாஸ் பண்ணியதும் நான் அடித்த முதல் சொந்தக் காகிதம் அப்பாவின் மனு. கார்பன் வைத்து மூன்று பிரதி. திருச்சியில் முன்னாள் ராணுவத்தாருக்கான ஆபீசில் ஒரு கிளார்க், அப்பீலுக்குக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். எழுதினேன். அது திரும்பி வந்தது. வேறு ஆபீசுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இப்படி மூன்று வருடம்.

அந்த மனுவில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சாயங்காலம் முழுவதும் யோசித்து இங்கிலீஷில் எழுதியது. "பணியிலிருந்து அனுப்பப்பட்ட நாள் முதல் இன்று வரை என் தந்தை ஒரு முறைகூடத் தரையில் உட்கார்ந்ததில்லை." டைப்ரைட்டிங் சார் அதைப் படித்துவிட்டு, இதுக்கு மேல என்ன சொல்லணும் என்றார். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே உண்மையான வரி அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வரிதான் வேலை செய்தது என்று இன்றும் நம்புகிறேன். மறுபரிசோதனை போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மெட்ராசில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி, காலை எட்டு மணிக்கு. மாமாவே வீடு தேடி வந்து, "பரவால்லையே, பொட்டப்புள்ள எழுதுனதுக்கும் பதில் போடுறானுவளே" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

போவதற்கு முன் ஒரு வாரம் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். மடக்கச் சொன்னால் எந்த இடத்தில் வலிக்கிறதோ அங்கே நிறுத்தி, வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். பல்லைக் கடிக்கக் கூடாது. கூடுதலாக நடிக்கவும் வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புறப்படும்போது அம்மா அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னாள், "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. வூட்டுல கத்துற மாதிரி அங்கயும் ரெண்டு கத்து கத்து."

அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அப்பாவைவிட இருபது வயது சிறியவன். அவனைப் பார்த்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பஸ்ஸிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், தோளை விட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அப்பா வெளியே வந்தார். நேராக, யார் தோளும் பிடிக்காமல். முகம் மட்டும் வேர்த்திருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பாப்பா. மரியாதையான ஆபீசருங்க."

கேட் தாண்டியதும் சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவோம் என்றார். பஸ்ஸில் ஊர் வரும்வரை காலை நடைபாதையில் நீட்டியே வைத்திருந்தார். கண்டக்டர் இரண்டு முறை தடுக்கிவிட்டுத் திட்டினார். மறுநாள் காலையில் முட்டி இளநீர்க்காய் போல வீங்கியிருந்தது. பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஊசி போட்டு நீர் எடுத்துவிட்டு, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டார். பஸ்ஸில் வந்தது என்றார் அப்பா. நானும் அதையே சொன்னேன். அந்த வெளிநோயாளர் சீட்டை அப்பா மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்துத் தபால் வந்தது. வெள்ளிக்கிழமை. மாமாவும் வந்திருந்தார். நீளமான பழுப்புக் கவர். பென்ஷன் ஆர்டர் என்றால் தடியாக இருக்கும் என்று கிளார்க் சொல்லியிருந்தார். இது ஒரே தாள். நான் மனதுக்குள் ஒரு முறை படித்தேன். பிறகு இன்னொரு முறை. மனுதாரர் தரையில் முழுமையாகக் குந்தி உட்கார்ந்தார். உதவியின்றி எழுந்தார். வலி இருப்பதாகத் தெரிவிக்கவில்லை. இது மனுவில் சொல்லப்பட்டிருப்பதற்கு முரணாக உள்ளது. எனவே முந்தைய முடிவில் மாற்றமில்லை.

முரணாக உள்ளது. அதாவது நான் பொய் எழுதினேன்.

சத்தமாகத் தமிழில் சொன்னேன். முதலில் மாமாதான் வாயைத் திறந்தார். "அன்னிக்குக் காதுகுத்துல கேட்டதுக்கு எங்கூட ஆறு மாசம் பேசல நீ." அவர் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அந்த ஒரு நிமிடம் நான் மாமா பக்கம் போய்விட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பாவால் உட்கார முடிகிறது. இத்தனை வருடம் முடிந்திருக்கிறது. தாத்தாவின் கருமாதியில், பந்தியில், என் தங்கை பிறந்தபோது அவளை மடியில் வாங்காமல் நின்றுகொண்டே பார்த்தபோது, எல்லாவற்றிலும் நடித்திருக்கிறார். அப்படித்தான் தோன்றியது.

அப்பா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"உக்காந்தியாப்பா?" என்றேன்.

"உக்காந்தேன்."

"ஏன்?"

அப்பா தன் முட்டியைப் பார்த்தார். "நடுவுல இருந்த பெரிய ஆபீசரு, 'நீச்சே பைட்டோ'ன்னாரு. உக்காந்துட்டேன்."

கீழே உட்கார் என்பதற்கு இந்தி. அவ்வளவுதான் காரணம். மாமாவுக்குப் புரியவில்லை. முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே மாப்ள என்றார்.

"அவுங்க கேக்கல மச்சான், சொன்னாங்க. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

அந்த அறையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விறைத்து நின்று, குதிகால்கள் சேர்த்து, குரல் வந்ததும் முட்டியில் கல் உடைகிற மாதிரி வலித்தும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கீழே போய், எழு என்றதும் எழுந்து நின்றிருப்பார். நான் ஒரு வாரம் நடத்திய பாடம் அவருக்கு நினைவே வந்திருக்காது. ஒன்பது வருடம் வேறு ஒருவர் நடத்திய பாடம் அது.

புரிந்ததால் கோபம் தீரவில்லை. அதிகமானது. பந்தியில் உட்காராதவர், சொந்தத் தகப்பனுக்கு உட்காராதவர், தன்னை நொண்டியாக்கி வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை சொன்னதும் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்காக ஒரு வார்த்தை, வலிக்கிறது என்ற ஒரே வார்த்தை, வாயிலிருந்து வரவில்லை. என் மூன்று வருடத்தை அந்த அறையின் தரையில் வைத்துவிட்டு வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான்கு மாதம் அம்மா குவாரியில் மற்ற பெண்களிடம் பென்ஷன் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லவிட்டு வேடிக்கை பார்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் விறகை அடுக்கினாள். அப்பா குளித்துவிட்டு வந்தபோது கூடத்தின் நடுவில் தரையில் தட்டு வைத்து, கம்பஞ்சோறும் குழம்பும் போட்டு, பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தாள்.

"உக்காந்து சாப்புடு" என்றாள். "ஆபீசரு மாதிரி சொல்லத் தெரியாது எனக்கு." கூடையை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போய்விட்டாள்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து எடுக்கப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை, கை தட்டு வரை போகவில்லை. நான் கதவருகில்தான் இருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் என்னைக் கேட்கவும் இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், அரியலூர் பஸ்ஸுக்கு நடந்தார். இடது காலில் முழு எடையும் போட்டு அவர் தெரு முனை திரும்புவதைப் பார்த்தேன். அது நடிப்பு இல்லை என்பதில் அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் விட்டுவிட்டுப் போகலாம். உண்மையை வைத்துக்கொண்டு தோற்றிருக்கிறோம்.

ஐந்து மாதம் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அம்மா விறகை மூன்றாம் நாளே இறக்கிவிட்டாள். நான் டைப்ரைட்டிங் போவதை நிறுத்தவில்லை, ஆனால் மனு அடிப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த அப்பீலுக்கு ஆறு மாதம்தான் கெடு. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. என் மனதுக்குள் மட்டும் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் அந்த வெளிநோயாளர் சீட்டு கையில் பட்டது. போர்டுக்கு மறுநாள் தேதி. வலது முட்டியில் வீக்கம், நீர் எடுக்கப்பட்டது, மடக்க இயலவில்லை, நடமாட்டம் கூடாது. கீழே அரசு டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும். முதல் நாள் உதவியின்றி உட்கார்ந்து எழுந்த முட்டியின் மறுநாள் காகிதம். பஸ்ஸில் வந்த வீக்கம் என்று நான் நம்பியது, தரையில் உட்கார்ந்த வீக்கம்.

அன்றே டைப் அடித்தேன். இந்த முறை அழகாக எழுத முயலவில்லை. என் தந்தை உட்கார்ந்தது உண்மை. கேட்டதால் அல்ல, கட்டளை என்பதால் உட்கார்ந்தார். மறுநாள் அவர் முட்டி என்ன ஆனது என்பதற்குச் சான்று இணைத்துள்ளேன். அடுத்த முறை அவரைச் சோதிக்கும் டாக்டர், தயவுசெய்து, உட்காரச் சொல்ல வேண்டாம். உட்கார முடியுமா என்று கேட்கவும்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிகள் வந்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெரிய ஆபீசர் மேல் புகார் சொல்கிற மாதிரி இருக்கிறது, தன் கையெழுத்தில் அது போகக் கூடாது என்றார். அந்த வரிகளை எடுத்துவிட்டால் போடுவாராம். மெல்ல விளக்கினேன். யார் மேலும் புகார் இல்லை, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அம்மாவின் முட்டியைச் சொன்னேன். குவாரியைச் சொன்னேன். போடுறியாப்பா என்று மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வெளியே பார்த்தார்.

பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். தாளை டிரங்குப் பெட்டி மேல் வைத்து, போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன்.

"கையெழுத்துப் போடு" என்றேன்.

அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நின்றபடியே குனிந்து, இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தாக, மூன்று பிரதியிலும் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. மகள் மூன்று முறை கேட்டதற்கு இல்லாத மரியாதை ஒரு அதட்டலுக்கு இருந்தது. அதற்காக நான் அவரையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

போன வியாழக்கிழமை பெரம்பலூர் தபாலாபீசில் ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டேன். கவுண்டரில் இருந்தவர், அனுப்புநர் இடத்தில் அப்பா பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கிறதே, அது யார் என்று கேட்டார். மனு எழுதியவள் என்றேன். முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். கெடுவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.